அவங்க கட்சி டாக்டரம்மா

என் வீட்டுக்காரர் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்று பதினேழு ஓட்டில் தோற்றார். தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பதினேழு பேர் யார் என்று தேடுவதைத்தான் அவரால் நிறுத்த முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வாய்க்கு ஒருவராகச் சந்தேகப்படுவார்.

"அதுல நானும் ஒருத்தியா இருப்பனோ? நல்லா ரோசன பண்ணிப் பாருங்க" என்று குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பேன். முறைப்பார். எனக்கு அந்த முறைப்பு பிடிக்கும்.

ஜெயித்தவர் அடுத்த தெருக்காரர், வேறு கட்சி. அவருடைய மகள்தான் எங்கள் ஊர் அரசு ஆசுபத்திரியில் டாக்டர். தேர்தலுக்கு முன்னால் அவள் எங்களுக்கு 'நம்ம புள்ள'. பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் புளியமரத்தில் ஏறி விழுந்து கை ஒடித்துக்கொண்டபோது, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவரே இவர்தான். ஓட்டு எண்ணி முடித்ததும் அவள் 'அவங்க கட்சி டாக்டரம்மா' ஆகிவிட்டாள். அதே ஊசி, அதே மாத்திரை. ஆனாலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் சளி பிடித்தால்கூட பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்குப் போனார்கள். அங்கே இருக்கிற டாக்டர் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாது. அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தக்காளிச் செடிக்கு ஊன்றியிருந்த குச்சி அவர் கால் கட்டைவிரலில் ஏறியது. சர்க்கரை உடம்பு, பாதத்தில் உணர்ச்சி கிடையாது. குத்தியது அவருக்கே தெரியவில்லை. சமையல்கட்டு வரைக்கும் சிவப்பாகத் தடம் வந்தது. "தக்காளிய சந்தைக்கு அனுப்பலியா, வூட்லயே மிதிச்சு நசுக்கறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்.

நாலு நாள் மஞ்சள் வைத்துக் கட்டினோம். ஐந்தாம் நாள் விரல் கறுத்தது. ஆசுபத்திரிக்கு வரமாட்டேன் என்றார்.

"நீங்க வராட்டிப் போங்க. நானே டீக்கடையில போயி, அந்தப் பதினேழுல ஒண்ணு நான்தான்னு சொல்லிட்டு வர்றன்."

சொன்னாலும் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு நல்ல கூட்டம். சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் அந்தப் பிள்ளை நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். முகம் மாறியது.

"பெரிப்பா, இப்பவே தர்மபுரி பெரிய ஆசுபத்திரிக்குப் போயிருங்க. எழுதித் தர்றன். இந்த வெரல எடுக்கணும். எடுத்துட்டா வெரலோட போயிரும். உட்டா மேல ஏறும்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அவர் மடியில் வைத்திருந்த கையில் ஓட்டு மை இன்னும் அழியாமல் இருந்தது. எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

"ஓட்ட உங்கப்பா எடுத்துக்கிட்டாரு, வெரல நீ எடுத்துக்கறியா கண்ணு? எல்லாமே உங்க ஒரு வூட்டுக்கே வேணுமா?"

வரிசை முழுவதும் சிரித்தது. நர்சு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பிள்ளைகூடச் சிரித்துவிட்டு, "பெரிம்மா, சும்மா இருங்க" என்றாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே நடந்துவிட்டார். அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தை நான்தான் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சாயங்காலம் டீக்கடையில் அவர் நான் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். கட்சிக்காரர்கள் நாலு பேர் வீடு வரைக்கும் கூடவே வந்தார்கள்.

"அண்ணி, நீங்க கேட்டீங்க பாருங்க ஒரு கேள்வி! எங்களுக்கே தோணலியே அது!"

"நான் சிரிக்கறதுக்குச் சொன்னம்பா."

"சிரிக்கச் சொன்னதா? சரியாத்தான சொன்னீங்க. அண்ணே, அந்தப் புள்ள கையில காலைக் குடுத்துராதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "இவளுக்குப் படிப்பு மூணாப்புதான். ஆனா மூளை இருக்குதுய்யா" என்றார்.

நாற்பத்தியோரு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் என்னைப் பெருமையாகச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. இதை நான் மறைக்கக் கூடாது. உடனே மறுத்துச் சண்டை பிடித்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே போய் அவர்களுக்குக் காப்பி போட்டேன். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தோடேயே திரிந்தேன்.

இவர் கட்சிக்காரர் ஒருவர் முன்பு ஏதோ கிளினிக்கில் கட்டுக் கட்டுகிற வேலை பார்த்தவர். அவர் தினமும் வந்து மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவிக் கட்டிவிட்டுப் போனார். நம்ம ஆள் கை பட்டாலே வலி குறைகிறது என்றார் இவர். வலி எங்கே இருந்தது, குறைவதற்கு?

மூன்றாம் நாள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் காலருகே உட்கார்ந்து, "ஏங்க, நான் சொன்னது வெறும் வெளாட்டுங்க. அந்தப் புள்ள பாவம். வாங்க போலாம்" என்றேன்.

"நீ வெளாட்டாத்தான் சொன்ன. ஆனா உண்மை வெளிய வந்துருச்சு."

"உண்மையும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. என் வாய்க்கொழுப்பு."

"பயந்துட்டு மாத்திப் பேசாத."

விளையாட்டுக்குச் சொன்னதை அவர் நம்பினார். உண்மையாகச் சொன்னதை நம்பவில்லை. இத்தனை வருஷம் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவளுக்கு அது நியாயமான கூலிதான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பிள்ளையே வந்தாள். வண்டியைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். யாரும் ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான்.

கட்டிலில் இருந்தபடியே அவர், "எலக்சன்தான் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்கும்மா வூடு வூடா வர்றீங்க?" என்றார்.

"பெரிப்பா, என்னை நம்ப வேண்டாம். பெரிய ஆசுபத்திரிக்குப் போங்க. அங்க எங்கப்பாவை யாருக்கும் தெரியாது."

"லெட்டர் எழுதுனது நீதான?"

"கிழிச்சுப் போட்டுருங்க. லெட்டர் இல்லாமயே சேத்துக்குவாங்க."

"பாத்தியா" என்று என் பக்கம் திரும்பினார். "எப்படியாவது அங்க போனாப் போதும்ங்கறா."

அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு பேச்சு குழறியபோது, அதே கட்சிக்காரர்கள்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெரிய ஆசுபத்திரியில் அறுவை செய்ய வந்த டாக்டரிடம், அந்த நிலையிலும், "நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார்.

"ஓட்டுப் போட ஊருக்குப் போயே பல வருசம் ஆச்சுங்க ஐயா" என்றார் அந்த டாக்டர். இவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விரலுக்கு இல்லை, தொடைக்கு. ஆனாலும் விஷம் அதற்கு மேலேயே ஏறிவிட்டிருந்தது. ஆறு நாள் இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, பிரஷர் மாத்திரைக்காக நான் எங்கள் ஊர் ஆசுபத்திரிக்குப் போனேன். கூட்டம் குறைந்த பிறகு அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க வூட்டால வந்தது பெரிம்மா. எங்கப்பா நிக்காம இருந்திருந்தா பெரிப்பா என்னை நம்பியிருப்பாரு. நானாவது வெரல எடுக்கணும்ங்கறத அத்தனை பேரு முன்னால சொல்லாம, தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கணும்."

அவள்மேல் தப்பு இல்லை. அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர வேறு யார்மேலும் தப்பு இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். வாய் வரவில்லை. தேவையில்லாத இடத்தில் எல்லாம் பேசுகிற என் வாய் அங்கே ஒட்டிக்கொண்டது.

"உடு கண்ணு. அவரு தலையெழுத்து" என்றேன்.

ஆறேழு மாதத்தில் அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சொந்த ஊரில் வேலை பார்க்க மனசு வரவில்லை என்று நர்சு சொன்னாள். கிளம்புகிற அன்றைக்கு என்னைப் பார்க்க வந்தாள். இந்த முறை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விரல் விரலாக அழுத்தி, "தெரியுதா பெரிம்மா? இங்க தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"தெரியுது கண்ணு, தெரியுது" என்றேன்.

"அப்ப சரி. செருப்பில்லாம நடக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் கூடப் போனேன். தெருமுனையில் வண்டி திரும்புகிற வரைக்கும் நின்றேன். அதை அப்போதும் அவளிடம் சொல்லவில்லை.