வைஜயந்தி டாக்டரின் சாவி

கட்கி பஜாரில் வைஜயந்தி பல் கிளினிக் திறந்தபோது ஆண்கள் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஒரு பொம்பளை கையில் பல்லைக் கொடுப்பதா என்று யோசித்தார்கள். வலி தாங்காமல் முதல் ஆள் வந்து விழுந்ததும் அந்த யோசனையெல்லாம் பறந்துவிட்டது. அன்றிலிருந்து நாற்காலி காலியாக இருந்ததில்லை. குனிந்து குனிந்து டாக்டரின் இடுப்புதான் ஒடிந்தது.

கட்கியில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. பீடி பிடிக்க வழியில்லாதவர்கள் குட்காவை வாயில் அடக்கிக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் அடக்கியவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் நாராக இறுகி, வாய் திறப்பது நின்றுபோனது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல்கூட நுழையாது. கஞ்சிதான் சாப்பாடு. தினமும் கிளினிக்கில் உட்காரவைத்து, பல்லுக்கு நடுவில் மரச்சில்லு செருகிச் செருகித்தான் விரிக்க வேண்டும். அவர்களுக்கு வேலை கெட்டது, இவளுக்குப் பொழுது போதவில்லை.

அலுத்துப்போய்த்தான் வைஜயந்தி வாயை விரிக்க ஒரு கருவியைக் கண்டுபிடித்தாள், ஞானோதயமெல்லாம் ஒன்றும் இல்லை. பல் வரிசைகளுக்கு இடையில் வைக்க இரண்டு தகடு, நடுவில் ஒரு திருகு, அதைத் திருகச் சின்னதாய் ஒரு சாவி. சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் கடைகிற பட்டறைக்காரர், “நாங்க காருக்கு ஜாக்கி போடுறோம், நீங்க வாய்க்குப் போடுறீங்க” என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். ஆனால் செய்து கொடுத்தார். நோயாளிகள் வீட்டிலேயே தினமும் கொஞ்சம் திருகிக்கொண்டார்கள். வெளியூர் டாக்டர்களும் கேட்டு வாங்கினார்கள். ஒரு மாநாட்டில் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

இப்போது அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த மாதக் கடைசியில் கிளினிக்கை மூடிவிட்டு, பாணேரில் மகள் சுப்ரஜாவின் ஃப்ளாட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். யார் வாயையும் பார்க்காமல் தூங்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ராஜி வந்தாள். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கலியனின் மனைவி. முந்தானையிலிருந்து கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இத நீங்களே வெச்சுக்குங்க டாக்டரம்மா.”

“ஏன், வாய் திறக்கலையா?”

“நல்லாத் தொறக்குது. அதான் வினையே. மூடிக் கெடந்தப்ப கஞ்சியக் குடிச்சுட்டு சும்மா கெடந்தாரு. தொறந்ததும் மறுபடி அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுட்டாரு.”

வைஜயந்திக்குச் சுருக்கென்றது. மரச்சில்லுக் காலத்தில் அவள் தினமும் டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பாள். குட்காச் சிவப்பு தெரிந்தால் நாற்காலியில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்தப் பயத்தில்தான் பலர் குட்காவை விட்டார்கள். திருகை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவளால், திட்டுகிற ஆளைக் கூடவே அனுப்ப முடியவில்லை. இப்படி இன்னும் எத்தனை வாய்களோ என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“பழக்கத்த விட வைக்கிற டாக்டருக்கு எழுதித் தரேன். அங்க கூட்டிட்டுப் போங்க.”

“கூட்டிட்டுப் போறேன். ஆனா அவரு உங்க ஒருத்தருக்குத்தான் பயப்படுவாரு.”

வைஜயந்தி சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு தகட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது அவர்கிட்டயே இருக்கட்டும். தினம் காலையில இங்க வந்துதான் திருகிக்கணும்.”

“நீங்க மூடப்போறதாச் சொன்னாங்களே?”

“சொன்னேன்.”

சாயங்காலம் சுப்ரஜா போன் செய்தாள். “அம்மா, உன் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. எப்போ ஷிஃப்ட் பண்றே?”

“இப்போதைக்கு இல்லடீ” என்று சொல்லிவிட்டு வைஜயந்தி போனை வைத்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. யாரும் இல்லாததால் அழவும் செய்தாள்.

மறுநாள் காலை கலியன் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஈறெல்லாம் சிவப்பாக இருந்தது. திட்ட வாயெடுத்தாள், தெம்பு வரவில்லை.

“போய்த் துப்பிட்டு வாங்க” என்றாள். “நான் இங்கதான் இருக்கேன்.”