கொட்டாவி கோபாலை நம்பவைத்தவர்

ஊரூர்க் குப்பத்தில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். செதில் சீவிக்கொண்டே மேரியம்மா கேட்டார்: "இன்னா சார், இம்மாம் நிதானமா மீன் வாங்கினு கீற? டீச்சரம்மா விடிகாலைல பூட்டாங்களே, உனுக்கு யாரும் சொல்லலியா?" மீனை அங்கேயே விட்டுவிட்டு, மரகதம் மேடத்தின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடினேன்.

அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் நந்தனம் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். அதே துறையில் அவரோடு குப்பை கொட்டிய எனக்கு, அவர் கொட்டாவி கோபாலின் ஆள். கோபால் ஊமைப்படக் காலத்துச் சிரிப்பு நடிகர். திரையில் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவார். கொட்டகை முழுக்கக் கொட்டாவி விடும், பிறகு தன்னைப் பார்த்தே சிரிக்கும். பேசும்படம் வந்தது. கொட்டாவிக்குச் சத்தமும் வந்தது, சிரிப்பு போய்விட்டது. "சத்தம்தான் அவரைக் கவுத்துடுச்சு" என்பார் மேடம். கோபாலின் படச்சுருளில் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. பழைய பத்திரிகைத் துணுக்குகளை வைத்தே மேடம் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். இப்படி ஒருவர் ஊரையே சிரிக்கவைத்தார் என்று இன்றைக்கு நாலு பேரை நம்பவைக்க வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை.

புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், பரணில் கிடைத்த படச்சுருள் துண்டோடு வந்தார். அதில் ஒருவர் கொட்டாவி விடுகிறார்! அட்டைப்படம் கிடைத்ததென்று நான் குதித்தேன். மேடம் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார்.

"இவர் இல்ல. கோபாலுக்கு முன்பல் ரெண்டும் நாடகம் ஆடின காலத்துலயே போயிடுச்சு. இவருக்கு வரிசையா இருக்கு."

"பல்லை யாரு டீச்சர் எண்ணப்போறா? உங்காளுன்னே போட்டுக்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

"நான் எண்ணிட்டேனே" என்றார் மேடம்.

புத்தகம் படமில்லாத அட்டையோடு வந்தது. எனக்குக் கோபம்தான். ஆனால் அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வெளியீட்டுக் கூட்டம் கோட்டூர்புரத்தில், நூலக அரங்கில் நடந்தது. ஓர் இளைஞர் எழுந்தார். "ஒரு படமும் இல்ல. அவர் சிரிக்கவெச்சார்னு எப்படி மேடம் நம்பறது?"

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். மேடை நடுவில் வந்து நின்று, அத்தனை பேர் எதிரில், கொஞ்சமும் கூச்சப்படாமல் வாயைப் பிளந்தார். முதலில் முன்வரிசைக்குத் தொற்றியது. அப்புறம் எல்லோருக்கும். கேள்வி கேட்டவர் வாயைக் கையால் மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம், அவ்வளவுதான், அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. மேடத்தின் கண்கள் நிறைந்துவிட்டன.

"இதான் அவர் படம். பாத்துட்டீங்க" என்றார்.

கையில் போன் வைத்திருந்தவர்கள்கூட அதைப் படம் பிடிக்கவில்லை. எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். ஆகவே மரகதம் மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொட்டாவிதான். யார் கேட்டாலும், எந்தச் சபையில் கேட்டாலும், எழுந்து நின்று விட்டுக் காட்டுவேன்.