சேவல் பெட்டியும் யானைக்கு விட்ட மூலையும்

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி, சேலம் ஜங்ஷன். சாமல்பட்டிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் ஐந்து அணா. ஐம்பது மைல். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். அது விழுந்துவிடும் என்று தோன்றவே எடுத்து அக்காவின் கடிதத்துக்குள் மடித்து வைத்தேன். அப்புறம் கடிதமே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டையும் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "மாமா நிலத்தை விற்கப் போகிறார். ஓசூர்க்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்கிறார். வியாழக்கிழமை ஓட்டு. வெள்ளிக்கிழமை பத்திரம். நீ வா."

நான் தையற்கடைக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அரசியல் எல்லாம் துணி தைக்க வருகிறவர்கள் பேசிக் கேட்டதுதான். அக்காவைக் கொடுத்திருப்பது தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில். ஊர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அக்காவின் புருஷன்தான் மாமா. அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். போன ஐப்பசியில் பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது அந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லாவிலேயே நின்றுவிட்டது. இப்போது டில்லி பார்லிமெண்டுக்கு நிற்கிற ஒரு ஆசாமி, வீட்டில் தமிழ் பேசாதவர்கள் மூன்று மாதத்தில் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், தாண்டாதவர்களைத் தாண்ட வைப்பேன் என்று ஊர் ஊராகப் பேசி வருகிறார். அவருடைய சின்னம் சேவல். அவர் ஜெயித்துவிட்டால் நிலத்துக்குப் பாதி விலைகூட வராது என்பது மாமாவின் கணக்கு. அவர் ஜெயிப்பாரா என்பதுதான் எனக்கும் ரயில் நெடுக ஒரே கேள்வி.

மொரப்பூர் தாண்டியதும் வெயில் வந்தது. தூக்கமும் விழிப்புமாக இருந்தேன். பாறைக் குன்றுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, ஜன்னலில் முகம் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வது போல இருந்தது.

காலை ஒன்பது மணி, சாமல்பட்டி. ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டு வேப்பமரமும் ஒரு டீக்கடையும். அங்கிருந்து கிருஷ்ணகிரி பதினெட்டு மைல், பஸ்ஸுக்குப் பத்தணா. வழியெல்லாம் மாந்தோப்பு. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்த சமயம். அந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்து யாரையும் பேசவிடாமல் செய்துவிட்டது. பக்கத்தில் இருந்த நாகரசம்பட்டிக்காரர் என் தோளிலேயே தூங்கினார். எழுப்பினால் கோபித்துக்கொள்வாரோ என்று பதினெட்டு மைலும் அசையாமல் இருந்தேன்.

பகல் ஒரு மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ். முப்பத்தோரு மைல், ஒரு ரூபாய் இரண்டணா. கோட்டை மலை உச்சியில் ஒரு மேகம் மாட்டிக்கொண்டு நின்றது. ஊரைக் கடந்து வெகுதூரம் போன பிறகும் திரும்பிப் பார்த்தேன், அது அங்கேயேதான் நின்றது.

இந்த பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டது கன்னடத்தில், சில்லறை தந்தது தெலுங்கில், சண்டை போட்டது தமிழில். எவரும் இதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் கிருஷ்ணகிரிப் புளி வியாபாரி ஒரு பாய். அவரிடம் சேவல்காரர் ஜெயிப்பாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவரு கூட்டத்துக்கு வர்ற ஜனத்தப் பாத்து பயந்துட்டியா தம்பி? கரடி வித்தைக்குக்கூடத்தான் ஊரே கூடுது. கரடிய எவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான்?"

மனசு லேசாயிற்று. பாய் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். முன்னால் நின்ற கண்டக்டர் திரும்பாமலே சொன்னார்:

"கரடிய யாரும் கூட்டிட்டுப் போறதில்ல பாய். ஆனா வித்தை முடிஞ்சதும் கரடி மயிர வாங்கித் தாயத்துக் கட்டிக்கிறாங்க இல்ல? பயம் போவணும்னு?"

பஸ் சிரித்தது. பாயும் சிரித்தார். நான் மட்டும் அக்காவின் கடிதம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

சூளகிரி தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. மாசி மாதப் பகலில் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டேன். ஓசூரில் இறங்கியபோது மணி நாலரை. ஏரித் தண்ணீரில் கோயில் மலை தலைகீழாகத் தொங்கியது. எல்லை எங்கே என்று ஒரு வெற்றிலைக் கடைக்காரரைக் கேட்டேன். ஐந்தாறு மைல் போனால் வரும், பார்த்தால் தெரியாது, ரோடு மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்றார். ஒரு கோடோ வேலியோ இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அந்தத் திசையில் புளிய மரங்கள்தான் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. எந்த மரம் எந்த ராஜ்யம் என்று மரத்துக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

தேன்கனிக்கோட்டைக்குப் பதினாறு மைல், ஒன்பதணா. பொழுது சாயும்போது மாமா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். திம்மப்பா என்பது அவர் பெயர். நல்ல உயரம், பேச்சு குறைவு. "வா மச்சான்" என்று பையை வாங்கிக்கொண்டார். இரண்டு மைல் நடந்தோம்.

புதன்கிழமை, காலை. ராகி அறுத்த தாள் வெளுத்துக் கிடந்தது. அதற்கு மேல் பனி ஒரு முழ உயரத்துக்கு நின்றது. மாடுகள் கால் இல்லாமல் மிதந்து வந்தன. மூன்று ஏக்கரும் ஒரு கிணறும். காட்டை ஒட்டிய மூலையில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை குழம்பி, மிதிபட்டுக் கிடந்தது. அது என்ன என்று கேட்டேன். அது சாமிக்கு விட்ட மூலை என்றார் மாமா. சாமி என்றால் யானை. அந்தப் பக்கத்தில் பெயர் சொல்ல மாட்டார்கள். அறுப்பின்போது அந்த மூலையை அறுக்காமல் விட்டுவிட்டால், அதைத் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அன்று சாயங்காலம் ஊர்க்காரர்கள் முனியப்பன் கோயில் வெளியில் கூடினார்கள். நான் ஓரமாக நின்றேன். கன்னடத்தில் நடந்ததை அக்கா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் நம்ப முடியவில்லை. எல்லாரும் நாளைக்குத் தங்கள் ஓட்டுச் சீட்டைச் சேவல் பெட்டியில் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் உங்களைத் துரத்துகிறேன் என்கிறவர் ஆயிற்றே என்று மாமாவிடம் கேட்டேன்.

"அதனாலதான் மச்சான். பெருமாளுக்குத் துளசி போதும், அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கடா யாருக்கு வெட்டறோம்? முனியப்பனுக்கு. எது கோபமா இருக்குதோ அதுக்குத்தான் குடுக்கணும். நம்ம ஊரு சீட்டு மொத்தமும் அவரு பெட்டியில இருந்தா, இந்த ஊர வுட்டுருவாரு."

கண்டக்டர் சொன்ன தாயத்துதான் ஞாபகத்துக்கு வந்தது. இது வெறும் முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்யதை? கடை வாசலில் போலீஸ்காரர் நின்றால் கேட்காமலே அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறவன் நான்.

அக்கா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் பேசினாள். வேட்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மூலை எப்ப விட ஆரம்பிச்சீங்க?"

மாமா நாலு வருஷம் ஆச்சு என்றார்.

"அதுக்கு முன்னால அது நம்ம நிலத்துக்கு எத்தன தடவை வந்துச்சு?"

பதிலையும் அக்காவே சொன்னாள்.

"ஒரு தடவ. இப்ப வருஷா வருஷம் வருது. வழி தெரியாம இருந்ததுக்கு நாமதானே இலை போட்டுக் கூப்பிட்டோம்? நாளைக்கும் இலை போடுங்க. போட்டுட்டு, வெள்ளிக்கிழமை நிலத்தையும் குடுத்துருங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

களியை உருட்டித் தட்டில் வைத்தாள்.

வியாழக்கிழமை, காலை எட்டு மணி. ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். தட்டி மறைவுக்குள் ஆளுக்கொரு பெட்டி, மேலே சின்னம். கொடுக்கிற சீட்டை வேண்டிய பெட்டியில் போட வேண்டும். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் புதுப்புடவையில் வந்தார்கள். ஒருத்தி கையில் அரளிப்பூ. இன்னொருத்தி எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றினார்கள். வெயில், இலை நிழல், வரிசை எல்லாம் ஏதோ திருவிழாவைத் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல அசைந்தது. மாமா உள்ளே போனார். நான் நூறு வரை எண்ணினேன். வெளியே வந்து என்னைப் பார்க்காமல் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

அக்கா உள்ளே போனாள், வந்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. பத்திரம் எழுத ஓசூருக்கு மாமாவும் என்னோடு பஸ் ஏறுவார் என்று நினைத்திருந்தேன். அவர் என் பையை மட்டும் தூக்கிக்கொண்டார். மேல்சட்டை போடவில்லை. தேன்கனிக்கோட்டை எல்லைக் கோயில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"சேவல் பெட்டி முன்னால நின்னேன் மச்சான். கையும் அதுங்கிட்டதான் போச்சு. அப்ப உங்கக்கா கேட்டாளே, எத்தன தடவை வந்துச்சுன்னு, அது காதுல வுழுந்தது. கைய இழுத்து அடுத்த பெட்டியில போட்டுட்டேன்."

"அது யாரு பெட்டி மாமா?"

"யாருக்குத் தெரியும்? பாக்கல."

பஸ் வந்தது. ஓசூர்க்காரரிடம் என்ன சொல்வீர்கள் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். வேறு இடம் பார்க்கச் சொல்வேன் என்றார்.

சேலத்தில் எனக்கு ஓட்டு அடுத்த வாரம். இங்கே நின்றவர்கள் எல்லாம் சாதுவானவர்கள். யாரும் யாரையும் துரத்துகிறேன் என்று சொல்லவில்லை. ஆனாலும் தட்டி மறைவுக்குள் தனியாக நின்றபோது என் கை, இவர்களில் யாரைப் பகைத்துக்கொண்டால் கடைக்கு ஆபத்து என்றுதான் முதலில் தேடியது. வெட்கமாக இருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சின்னங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, அப்புறம்தான் சீட்டைப் போட்டேன்.

சேவல்காரர் தோற்றார். பாய் சொன்னதுதான் நடந்தது. ஆனால் எங்கள் அக்கா ஊர்ப் பெட்டியைத் திறந்தபோது சேவல் பெட்டியில் சீட்டுகளோடு காய்ந்த அரளிப்பூவும், எங்களை விட்டுவிடுங்கள் என்று எழுதிய ஒரு மனுவும், நசுங்கிய எலுமிச்சம்பழமும் இருந்தனவாம். கண்டக்டர் சொன்னதும் நடந்திருக்கிறது. எல்லா ஊரும் அந்த ஊரைப் போலப் பயந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் சில நாள் பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன், ஊசி விரலில் ஏறுகிறது.

மார்கழியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. இந்தத் தடவை மூலையையும் சேர்த்து அறுத்தாயிற்றாம். யானை வழக்கம்போல வந்ததாம். வெறும் தரையில் வெகுநேரம் நின்றதாம். "சும்மா திரும்பிப் போயிற்று என்று எழுத ஆசைதான்" என்று எழுதியிருந்தாள். "போகிற போக்கில் அவரைக்கொடியை மிதித்துவிட்டுத்தான் போயிற்று. மாமா மறுபடியும் கொடி நட்டிருக்கிறார். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்."