நாலு வீட்டு விசாரிப்பும் ஒரு டேங்க் சண்டையும்

பழைய கண்ணாடித் திரை மானிட்டரை அணைத்த கையோடு முழங்கையை அதன் அருகே கொண்டுபோனால் கைமயிரெல்லாம் எழுந்து நிற்கும், பொரி பொரிவதுபோல் மெல்லிய சடசடப்பு கேட்கும், சூடேறிய தூசியின் வாசனை வரும். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மாலையின் வாசனை, அப்பாவின் வாசனை என்றுகூடச் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆவடியில் டேங்க் செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். பகலெல்லாம் நிஜ டேங்கோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் அப்பா, மார்க்கெட் சிடி கடையில் வாங்கிய, அப்போதே பழசாகிவிட்டிருந்த ஒரு டேங்க் விளையாட்டை என்னோடு ஒரே கீபோர்டில் ஆளுக்கொரு பக்கமாக ஆடுவார். "இன்னா கேம் செஞ்சிகீறான்? டேங்கு இப்டியா திரும்பும்? உள்ள கீறவன் பல்லு எகிறிடும்" என்று அதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் நான் எதிரியிடம் மாட்டிக்கொண்டால் தன் டேங்கைக் குறுக்கே விட்டு என் அடியை அவர் வாங்கிக்கொள்வார்.

அந்த அப்பாவைத்தான் இரண்டு வருஷத்துக்கு வடக்கே இன்னொரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். என் படிப்புக்காக அம்மாவும் நானும் இங்கேயே தங்கிவிட்டோம். போனில் பேசுவதற்கு அப்பா லாயக்கே இல்லாத ஆள். "சாப்டியா? படிச்சியா? அம்மாகிட்ட குடு." அவ்வளவுதான், முடிந்தது. எனக்கு அழுகை அழுகையாக வரும். பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிற அப்பா எனக்கு வேண்டியிருந்தார்.

அந்த விளையாட்டை இணையம் வழியாக இரண்டு ஊரில் இருப்பவர்களும் சேர்ந்து ஆடலாம் என்று சிடி உறையில் போட்டிருந்தது. அதற்கு மறுமுனையில் ஆடுபவரின் கம்ப்யூட்டர் எண்ணைத் தட்டவேண்டும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், எதுவும் இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டாது, வாராவாரம் மாறிக்கொண்டும் இருக்கும். அப்பா அந்த ஊரில் கம்ப்யூட்டரும் டெலிபோன் பூத்தும் சேர்ந்திருந்த ஒரு கடையிலிருந்து எண்ணைச் சொல்வதாக ஏற்பாடு. எங்கள் வீட்டு லைனில் இணையம் ஓடும்போது போன் வராது என்பதால், அவர் பக்கத்து வீட்டுச் சொர்ணம் அத்தைக்குப் போன் செய்வார், அத்தை சுவருக்கு அப்பால் நின்று எனக்குக் கத்திச் சொல்வாள்.

இதிலென்ன கஷ்டம் என்பீர்கள். தொழிற்சாலைச் சமாச்சாரம் எதையும் போனில் மூச்சு விடக்கூடாது என்று பழகிய மனுஷர் அப்பா. "டேங்கு, அட்டாக்குன்னு நம்பர் நம்பரா ஒப்பிச்சிகினு இருந்தா பூத்துக்காரன் இன்னா நெனைப்பான்? என்னை உள்ள தூக்கி வெச்சிடுவாங்கோ" என்று பயந்தார். அதனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார். "நான் யார் யார் ஊட்டை விசாரிக்கிறேனோ, வரிசையா அந்த ஊட்டு நம்பரைப் போட்டுக்கோ. சைபருக்குத் தண்ணித்தொட்டி. யார்கிட்டயும் வாயைத் தொறக்காத" என்று என் தலையிலேயே அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரியான அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. "ஏட்டி! ஒங்க அப்பா கோதண்டம் வீட்டக் கேட்டாவ, நர்ஸக்கா வீட்டக் கேட்டாவ, தொட்டியில தண்ணி வருதான்னு கேட்டாவ, முக்கு வீட்டக் கேட்டாவ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். முதல் இரண்டு ஞாயிறும் இணைப்பு பாதியில் அறுந்துபோயிற்று. அடுத்த ஞாயிறு, என் டேங்குக்குப் பக்கத்தில் பச்சை டேங்க் ஒன்று எங்கிருந்தோ வந்து நின்று பீரங்கியை இப்படியும் அப்படியும் ஆட்டியது. "அம்மா, அப்பா வந்துட்டாரு!" என்று அலறினேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா வாசலைப் பார்த்தாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற எண்கள் மாறினாலும் முதல் எண் எப்போதும் அறுபத்தொன்றாகவே வந்தது. அந்த எண் வீட்டிலிருந்த கோதண்டம் மாமாவோ குழாயடிச் சண்டைக்குப் பிறகு அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாதவர். அத்தை விசாரிப்பையெல்லாம் அந்தந்த வீட்டில் ஒழுங்காகப் போய்ச் சேர்ப்பித்துவிடுவாள். வாராவாரம் முதல் ஆளாக விசாரித்தால் எந்த மனுஷன்தான் முறைத்துக்கொண்டே இருப்பான்? ஒருநாள் கை நிறைய முருங்கைக்காயோடு வந்து, "உங்க அப்பாவுக்கு நல்ல மனசும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு ஞாயிறு அத்தையின் குரலைக் காணோம். அடுத்த ஞாயிறும் இல்லை. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய் அவள் வீட்டுக்கே போனேன்.

"போன் வரத்தான் செஞ்சுது. பிள்ள வீட்ல இல்லன்னு வச்சிட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. "சண்டக்காரன் மொதக்கொண்டு ஊரையே கேக்காவ. போனுக்கும் சொவத்துக்குமா ஓடுத எங்க வீட்டுல மனுசங்க இல்லியாட்டி? ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சா போவும்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. அவள் வீட்டு எண் இருநூற்று எழுபத்தொன்று. இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டியதால் அந்த விளையாட்டில் அது எந்த ஜென்மத்திலும் வராது. அதைச் சொல்லிவிடலாம் என்றால் சத்தியம் குறுக்கே நிற்கிறது.

புதன்கிழமை அப்பா எங்கள் வீட்டுக்குப் போன் செய்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். "அடப் பாவமே, நம்பரையே பார்த்துகினு மனுஷியை உட்டுட்டேனே கண்ணு" என்றார்.

அந்த ஞாயிறு அத்தை சுவரிடம் போகவில்லை. ஈரக்கையோடு எங்கள் வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள். "ஏட்டி, மொதல்ல என்னத்தான் கேட்டாவ! 'நீ எப்டிக்கீற சொர்ணம், உன் கையால சொதிக்கொழம்பு சாப்ட்டு எம்மா நாளாச்சி'ன்னு கேட்டாவ!"

"அப்புறம் யாரையெல்லாம் கேட்டாரு அத்தை?"

"அதெல்லாம் யாருக்கு நெனப்பிருக்கு!"

அன்றைக்கு விளையாட்டு நடக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

இப்போது அப்பா ஓய்வு பெற்று வெள்ளானூரில் வீடு கட்டிக் குடியிருக்கிறார், நான் வேறு ஊரில் இருக்கிறேன். குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் காலி. சுவரில் அரசங்கன்று முளைத்து, கதவு எண்களெல்லாம் அழிந்துவிட்டன. கோதண்டம் மாமா காலமாகிவிட்டார். அத்தை மகனோடு திருநெல்வேலிக்கே போய்விட்டாள். அந்தப் போன்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

அந்த விளையாட்டை யாரோ புண்ணியவான்கள் புதுக் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி செய்திருக்கிறார்கள் என்று தெரிந்து, போன வாரம் பிடிவாதமாக உட்கார்ந்து சரிசெய்தேன். இந்த முறை எண் என்னிடம். அப்பாவைக் கூப்பிட்டு வாயைத் திறப்பதற்குள், "போன்ல நம்பர் சொல்லாத!" என்றார். நானும் வரிசையாக நாலு வீட்டை விசாரித்தேன். ஒவ்வொருவரையும் யோசித்து யோசித்துத் தட்டியவர், "சொர்ணத்தைக் கேக்கலியே நீ" என்றார்.

"நாலு நம்பர்தான்ப்பா."

"நம்பருக்கா கேட்டேன்?"

பச்சை டேங்க் வந்து நின்றது. அதை அப்படியே நிற்க வைத்துவிட்டு திருநெல்வேலிக்குப் போன் போட்டேன். "அத்தை, அப்பா உங்களைக் கேட்டாரு" என்றேன்.

வயதான அந்தக் குரல் கேட்டது: "மொதல்லயாட்டி, கடசீலயா?"

"மொதல்லதான் அத்தை" என்றேன்.