ஒரே பெயர், ஒரே இனிஷியல்

ரத்தம் நிரம்பிய டியூப் கைக்கு வந்ததும் அவள் முதலில் பார்ப்பது ஸ்டிக்கரில் உள்ள பெயரைத்தான். வயது எழுதிய இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "நாப்பத்தேழு" என்பாள். விரலை எடுத்தால் நாற்பத்தாறோ நாற்பத்தெட்டோ இருக்கும். 'யா' என்று முடிகிற பெயர் என்றால் பள்ளிக்கூடம் போகிற பெண். இரண்டே எழுத்து, அதிலும் ஒன்று வெறும் காற்றாகப் போய்விடுகிறது என்றால் இன்னும் பால்பல் விழாதது. நீட்டி முழக்கிச் சொல்லவேண்டிய பெயர் என்றால் கைத்தடியோடு வந்தவர். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷம் இருந்ததில் அவள் கற்றுக்கொண்ட வித்தை இது. இதனால் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை என்று அவளே சொல்வாள்.

அவள் பெயரும் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். அவள் பிறந்த வருஷம் வானொலியில் ஒரு தொடர் நாடகம் ஓடியது. நாயகியின் பெயர் அப்பாவுக்குப் பிடித்துப்போக, யாரும் வைக்காத பெயர் என்று ஆசை ஆசையாக மகளுக்கு வைத்தார். அதே நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற அப்பாக்களும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் அந்தப் பெயரில் ஐந்து பேர். டீச்சர் ஒருத்தியைத் திட்டினால் ஐந்து பேர் முகமும் வாடும். நாடகம் முடிந்து நாலைந்து வருஷத்தில் பெயரும் முடிந்தது. இன்றைக்கு அதை ஒரு குழந்தைக்கு வைத்தால் சிரிப்பார்கள்.

தன் மகளுக்காவது தனித்துத் தெரிகிற பெயர் இருக்கட்டும் என்று அவள் மூன்று மாதம் தேடி ஒன்றைக் கண்டெடுத்தாள். மகளைப் பள்ளியில் சேர்த்த அன்றைக்கு அதே வகுப்பில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தனியாகத்தான் யோசிக்கிறோம். எல்லோரும் ஒரே சமயத்தில், ஒரே திசையில் தனியாக யோசிக்கிறோம் என்பது பிள்ளை வளர்ந்த பிறகுதான் தெரிகிறது.

பரிசோதனைக் கூடத்திலும் அவள் பெயரில் இன்னொருத்தி இருந்தாள். அப்பா பெயரின் முதல் எழுத்தும் ஒன்றே. வேறு வழியில்லாமல் ஒருத்தி நெட்டையானாள், இவள் குட்டையானாள். இருவருக்கும் அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. கூப்பிட்டால் ஒருத்திதான் திரும்புகிறாள் என்பதே பெரிய சௌகரியம்.

கூடம் தரைக்குக் கீழே இருந்தது. கூரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குக் கண்ணாடி. அதன் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். வெளியே மழையா என்பதை நனைந்த செருப்புகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறுவாள். வெயில் படாமல் எலும்பு வலுவிழந்துவிட்டது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

மேல் தளத்தில் ரத்தம் எடுக்கும் அறை. கிழக்குப் பார்த்து இரண்டு ஜன்னல்கள், வெளியே ஒரு மரம். அங்கே ஓர் இடம் காலியானதும் டாக்டர் சீட்டையும் இணைத்து அவள் விண்ணப்பம் கொடுத்தாள். இதை விட்டால் அடுத்த இடம் காலியாக ஒன்பது வருஷம் ஆகும். அவள் ஓய்வுபெற ஏழு வருஷமே இருந்தது.

உத்தரவு வந்தது. பெயர் இருந்தது, இனிஷியல் இருந்தது. கீழே இருந்த பணியாளர் எண் மட்டும் நெட்டையுடையது.

அவள் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

"சார், எழுதிக் கொடுத்தது நான். ஆர்டர்ல இருக்கிறது அவ நம்பர்."

"பேர் சரியாத்தானேம்மா இருக்கு?"

"பேர் சரிதான் சார். ஆள்தான் தப்பு."

"இனிஷியல்?"

"அதுவும் சரிதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பேரும் சரி, இனிஷியலும் சரி. இதைத் தப்புன்னு நான் எப்படிம்மா மேல எழுதறது? கேன்சல் பண்ணுங்கன்னு கேட்டா, இடமே வேண்டாம்போலன்னு இடத்தையே எடுத்துருவாங்க. அப்புறம் அவங்களுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சண்டை போட ஓர் ஆள்கூட அகப்படவில்லை.

நெட்டை அழாத குறை. "நான் கேட்டேனாடி? நான் பாட்டுக்குக் கீழ கெடந்தேன். மேல போனா நூறு பேர் மூஞ்சியைப் பார்க்கணும்." பிறகு அவளே சொன்னாள். "இங்க பாரு. செவ்வாயும் வியாழனும் நீ மேல உக்காரு, நான் கீழ வந்துடறேன். ரிஜிஸ்டர்ல போடறது ஒரே பேர்தானே?"

"ஆளைப் பார்த்தா தெரியாதா?"

"இத்தனை வருஷத்துல நம்மள யாருடி பார்த்தாங்க?"

முதல் செவ்வாய்க்கிழமை, வெயில் ஜன்னல் வழியே வந்து அவள் வலது முழங்கை மேல் விழுந்தது. அவள் கையை நகர்த்தவில்லை. இடது கையாலேயே சீட்டுகளை அடுக்கினாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை எடுத்த ஒரு சீட்டில் அவள் பெயரே இருந்தது. எழுந்து நின்று கூப்பிட்டாள். காத்திருந்தவர்களில் மூன்று பேர் எழுந்தார்கள். மூவருக்கும் அவள் வயது.

"இந்தப் பேரை வெச்சா இதாங்க கதி," என்றாள் பச்சைப் புடவைக்காரி. "எங்க கூப்பிட்டாலும் ஒரு கும்பலே எந்திரிக்கும். உங்களுக்கென்ன, நல்ல பேரா வெச்சிருப்பாங்க. உங்க பேரு என்ன?"

"அதேதான்."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் பெயர் கழுத்தை அழுத்தாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான். பிறகு பிறந்த தேதி கேட்டு ஆளைப் பிரித்து, ஊசியைக் குத்தினாள்.

நாலாவது வாரம் கண்காணிப்பாளர் சுற்றி வந்தார். அவளைப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"உயரம் கொஞ்சம் குறைஞ்சுட்டீங்க போலிருக்கே?"

அவர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வாரமா எனக்குத் தெரியும்மா. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு யாருக்காவது ஊசி போட்ட இடம் வீங்கிப்போச்சு, சீட்டு மாறிப்போச்சுன்னு புகார் வந்தா, யார் குத்தினதுன்னு கேப்பாங்க. ஆர்டர் அவங்க நம்பர்ல இருக்கு. வேலை போகப்போறது அவங்களுக்கு."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. ஜன்னலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நீங்களா இருங்கம்மா. அவங்க அவங்களா இருக்கட்டும்."

"சரி சார்."

காலையில் தான் எடுத்த டியூப்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பாதிப் படியில் நெட்டை எதிரே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"என்னவாம்?"

"நான் நானா இருக்கணுமாம்."

நெட்டை சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். "அது எங்கடி இருக்கு?"

"கீழதான்," என்று சொல்லிவிட்டு, டியூப்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாதபடி தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு அவள் மீதிப் படிகளில் இறங்கினாள்.