சய நாலு பாகம்

ரியூசன் வாத்தியார் என் கொப்பியை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். x² − 2x − 3 < 0 என்ற கணக்கு. அதை (x − 3)(x + 1) < 0 என்று காரணிகளாக்கும் வரைக்கும் நான் ஒழுங்காகத்தான் போயிருந்தேன். அதற்குக் கீழே x < 3, x < −1 என்று எழுதி, அடிமட்டம் வைத்து இரண்டு கோடும் இழுத்திருந்தேன், பெரிய சாதனை செய்தவள் மாதிரி. "சமனிலியைச் சமன்பாடு மாதிரிச் செய்யாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்" என்றார் அவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னைப் பேசவும் கூச்சம், பேசாமல் விடவும் முடியாது. பக்கத்துக் கதிரையில் இருந்த பதினாறு வயதுப் பெட்டை, "பரவாயில்லை அன்ரி" என்றாள். வாத்தியார் பேசியதைத் தாங்கிக்கொண்டேன். அந்த அன்ரியைத்தான் தாங்க முடியவில்லை.

சண்டை முடிந்து இந்தியாவில் இருந்து திரும்பி வந்து, என் கணவரின் ஊரான தாழ்வுபாட்டில் குடியேறியிருந்தோம். அங்கே அகதி முகாமில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கே வந்தபிறகு கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்த முன்பள்ளியில் தொண்டராகச் சேர்ந்து ஐந்து வருடம் படிப்பித்தேன். ஊரில் எனக்குப் பேர் "இந்தியாவில இருந்து வந்த பெட்டை". முகாமில் அதுவும் இல்லை, வரிசையில் ஒரு இலக்கம். அந்த மண்டபத்துக்குள் மட்டும்தான் நான் "ரீச்சர்". முப்பது குழந்தைகள் ஒரே குரலில் அப்படிக் கூப்பிடும்போது எனக்கு ஒரு உடம்பு வந்தது போல இருக்கும். அதைப் பறிகொடுக்க என்னால் முடியாது. பசியைக்கூடச் சமாளித்திருப்பேன்.

அந்த வேலையை நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று ஒரு நாள் கடிதம் வந்தது. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கவேண்டும், அதில் கணிதம் கட்டாயம். தனியாக விண்ணப்பித்துப் பரீட்சை எழுதினேன். மற்றப் பாடம் எல்லாம் முதல் தரமே சரிவந்தது. கணிதம் இரண்டு தரம் தவறியது. கல்விக் கந்தோரில் இருந்த அதிகாரி அம்மா நல்ல மனுசி. என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்த மார்கழிச் சோதினைதான் உங்களுக்குக் கடைசி. அதுக்குப் பிறகு வயசு கடந்திடும், நான் நினைச்சாலும் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். நான் "ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றேன்.

எனக்குக் கணிதம் வராது என்று சொல்லமுடியாது. வந்தது, ஆனால் இரண்டு நாட்டில் துண்டு துண்டாக வந்தது. முகாமில் இயற்கணிதம் என்றார்கள், இங்கே அட்சரகணிதம். அங்கே மைனஸ், இங்கே அதே குறிக்குச் சய. அதெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும். பழகாதது இந்தச் சமனிலிதான். இரண்டு காரணிகளைப் பெருக்கி மறைப் பெறுமானம், அதாவது சய எண், வரவேண்டுமென்றால் ஒன்று நேராகவும் மற்றது மறையாகவும் இருக்கவேண்டும் என்று வாத்தியார் சொல்லும்போது தலையாட்டுவேன். பஸ் ஏறினால் போய்விடும். விடை ஏன் −1 இற்கும் 3 இற்கும் நடுவில் போய் உட்காருகிறது, ஏன் வெளியே இல்லை, அதுதான் என் மண்டையில் ஏறவில்லை.

கொப்பியைக் காட்டிய அன்று பின்னேரம் தகரக் கொட்டிலுக்குள் மீன்பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன் மேல் வரைபுத்தாளை விரித்துப்போட்டு அழுதுகொண்டிருந்தேன். அது சோளகக் காற்று அடிக்கும் காலம். கடலுக்குப் போகமுடியாமல் வலையோடு மாரடித்துவிட்டு என் கணவர் உள்ளே வந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டு விட்டவர்.

"என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?"

"நான்தான் சாகப்போறன்."

கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் குந்தியிருந்து தாளைப் பார்த்தார். "உது என்ன பள்ளம்?"

"பள்ளம் இல்லை, வளையி. உங்களுக்கு விளங்காது, விடுங்கோ."

"குறுக்கை போற கோடு?"

"x அச்சு. அதிலை y பூச்சியம்."

"அப்ப அதுதான் தண்ணிமட்டம். கீழை இருக்கிறது கடலடி. உமக்கு என்ன கேட்டிருக்கினம்?"

"y பூச்சியத்திலும் சிறுசாய் இருக்கிற இடம் எது எண்டு."

"வள்ளம் எங்கை இருந்து எங்கை வரைக்கும் தரை தட்டாமல் ஓடும் எண்டு கேக்கினம். இதுக்குப் போய் அழுறீரோ?" என்று, மண் ஒட்டிய விரலை −1 இல் வைத்து 3 வரைக்கும் இழுத்தார். வரைபுத்தாளில் பழுப்பாய் ஒரு கோடு விழுந்தது.

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. நான் ஒரு வருடமாய் முட்டி மோதுகிறேன், இந்த மனுசன் குந்தியிருந்து சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு மறுபடி பார்த்தேன். −1 இற்கு இந்தப் பக்கம் தரை, 3 இற்கு அந்தப் பக்கம் தரை, நடுவில் தண்ணீர். −1 < x < 3. அதற்குப் பிறகு காரணிகளை எடுத்துப் பார்த்தால் அதுவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது: நடுவில் நிற்கும் எண்ணுக்கு x − 3 மறை, x + 1 நேர், பெருக்கினால் மறை. இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தது இந்தச் சனியன் என்று இருந்தது.

அன்றையில் இருந்து சோளகம் ஓயும் வரைக்கும் பின்னேரங்களில் இரண்டு பேரும் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் இருந்தோம். கவிழ்ந்த வளையி வந்தால் அவர் அதை மணல்மேடு என்பார். மேட்டில் வள்ளம் ஓடாது, மேட்டுக்கு இந்தப் பக்கமும் ஓடும், அந்தப் பக்கமும் ஓடும். "ரெண்டையும் ஒரு கயித்திலை கட்ட ஏலாது, ரெண்டாத்தான் எழுதவேணும்" என்றார். x < a அல்லது x > b என்று ஏன் இரண்டாக எழுதுகிறோம் என்பதை வாத்தியாரால்கூட எனக்கு அப்படிச் சொல்ல முடிந்ததில்லை. சமனிலியின் வலப்பக்கத்தில் பூச்சியம் இல்லாமல் சய மூன்று இருந்தால், மூன்று பாகத்துக்கு மேல் ஆழமான இடம் எது என்று பார்ப்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவர் எழும்பி நின்று கையை விரித்து விரித்துக் காட்டுவார், நான் y = −3 இல் ஒரு கோடு போட்டு, வளையி அதற்குக் கீழே போகும் இடத்தை எழுதுவேன்.

இதில் ஒரு சங்கதி. முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: தண்ணிமட்டத்துக்கு மேலே சும்மா எண், கீழே போனால் முன்னால் சய. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் கடலில் யார் சய சொல்கிறார்கள்? ஆழம் நாலு பாகம் என்றால் நாலு பாகம். அவசரக்காரி நான், வீட்டுத் தாள்களில் கடலடிக்குச் சய போடுவதை விட்டுவிட்டேன். அட்டவணையில் 0, 3, 4, 3, 0 என்று எழுதுவேன், y அச்சில் கீழ்நோக்கி 1, 2, 3, 4 என்று குறிப்பேன். கணக்கு வேகமாக ஓடியது.

"உதுக்குச் சய போடேல்லையோ?" என்று அவர் இரண்டு மூன்று தரம் கேட்டார்.

"உங்களுக்காகத்தான் விடுறன். கடல்காரருக்குச் சய எதுக்கு? ரியூசனிலை நான் போடுவன், நீங்கள் பேசாமல் இருங்கோ."

அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். ரியூசனில் வாத்தியார் அச்சுகள் குறித்த தாளைப் போட்டோப்பிரதி எடுத்துத் தருவார். புள்ளி வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை, அதனால் அங்கே என் பிழை வெளியே வரவேயில்லை. ஐப்பசியில் வாத்தியார் என் கொப்பியை மறுபடி உயர்த்திக் காட்டினார், இந்தத் தரம் மற்றவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று. அந்தப் பெட்டை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று அவள் அன்ரி என்று சொன்னதுகூட எனக்குக் கேட்க நல்லாயிருந்தது.

பரீட்சை அன்று விடிந்ததில் இருந்து மழை. என் கணவர் மோட்டார் சைக்கிளில் ரவுனுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "கெதியாச் செய்யவேண்டாம், ஆறுதலாச் செய்யும்" என்றார். செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். தகரக்கூரையில் மழை கொட்டி, மேற்பார்வையாளர் சொன்னது பாதி கேட்கவில்லை. இரண்டாம் தாளில் வரைபுக் கணக்கு கிடந்தது: y = 5 + 4x − x².

அதைக் கண்டதும் சந்தோசத்தில் அடிமட்டத்தை எடுத்துவைத்தேன். அட்டவணையை நிரப்பினேன். 0, 5, 8, 9, 8, 5, 0. இரண்டு நுனியிலும் −7. x² இற்கு முன்னால் சய நின்றால் வளையி கவிழ்ந்து நிற்கும் என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னது என் காதில் ஏறாமலே போயிற்று. என் கண்ணுக்கு அந்த எண்கள் மீன்பெட்டியின் மேல் நான் எழுதும் எண்களாகத்தான் தெரிந்தன. வெறும் வரைபுத்தாள், அச்சை நாங்களே போடவேண்டும். கீழ்நோக்கி 1, 2, 3 என்று ஒன்பது வரை குறித்தேன். −7 இரண்டையும் மேலே வைத்தேன், தரை. பென்சிலால் வளையியை இழுத்தபோது எவ்வளவு அழகாய் வந்தது. y மறையாக இருக்கும் x இன் வீச்சு என்ன என்று கேட்டிருந்தது. தண்ணீர் நிற்கும் இடம். −1 < x < 5. அடியில் இரண்டு கோடு இழுத்தேன். தாள்களை நூலால் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாசலில் அவர் மழைக்கோட்டோடு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய முகமும் மலர்ந்தது. "வள்ளம் வந்ததோ?"

"வந்தது. நல்ல ஆழம். சய ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும் ஓடும்."

"நடுவிலை எத்தினை பாகம்?"

"ஒன்பது."

மோட்டார் சைக்கிள் சீற்றில் இருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அட்டவணையிலை என்னெண்டு வந்தது? சய ஒன்பதோ, சும்மா ஒன்பதோ?"

மனதுக்குள் கணக்கை மறுபடி போட்டேன். x இற்குப் பூச்சியத்தைப் போட்டால் y ஐந்து. ஐந்து எப்படி மறையாகும்? ஒரு நிமிடம் போதும், ஒரே ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் மண்டபத்துக்குள்ளேயே தெரிந்திருக்கும். x < −1 அல்லது x > 5. இரண்டாய் எழுதவேண்டிய விடை.

"சும்மா ஒன்பது" என்றேன்.

"அப்ப அது மேடெல்லோ" என்றார் அவர், மெதுவாக.

நான் அந்தச் சேற்றில் அப்படியே இருந்துவிட்டேன். பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள். அவர் என்னைத் தூக்கி எழுப்பவில்லை. தானும் பக்கத்தில் குந்தியிருந்து, "நான்தானே உமக்குத் தலைகீழாப் படிப்பிச்சுப்போட்டன்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். இல்லை, நீங்கள் கேட்டனீங்கள், நான்தான் உங்களை வாயடைத்தனான் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அந்த நேரம் யாரிலாவது பழியைப் போட எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவர் கையில் கிடைத்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

பெறுபேறு வந்த அன்று ரவுனில் ஒரு கடையில் கம்பியூட்டரில் பார்த்தோம். கணிதத்துக்கு நேரே W, சித்தியில்லை. அந்த ஒரு கணக்கால்தான் தவறினேனா, வேறும் பிழைத்ததா என்று யாரும் சொல்லமாட்டார்கள். சித்தியடைந்த ஒரு பெட்டை முன்பள்ளிக்கு என் இடத்துக்கு வந்தாள். ரியூசனில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் இல்லை, வேறு ஊர்க்காரி. மண்டபக் கதவின் திறப்பை அவள் கையில் கொடுத்தேன். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கோப்பை, யார் நித்திரையில் அழுவான் என்றெல்லாம் சொன்னேன். வெளியே வந்தபோது பின்னால் முப்பது பேரும் ரீச்சர் என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அதற்குப் பிறகும் மாதங்கள் எடுத்தன. ஒருநாள் மீன் காயப்போடும் இடத்தில் வைத்துச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும்" என்றார், கருவாட்டைத் திருப்பிப்போட்டுக்கொண்டே. "உமக்கு அண்டைக்கு ஏசுறதுக்கு ஒரு ஆள் வேணுமாய் இருந்தது."

இப்போதும் கரையில் நின்று யாராவது, "அண்ணை, அந்தப் பக்கம் ஆழம் எப்பிடி?" என்று கேட்டால், அவர் வள்ளத்தில் இருந்து "சய நாலு பாகம்" என்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், மனுசனுக்கு முத்திப்போச்சு என்கிறார்கள். அவர் ஒரு தரமும் சயவை விட்டதில்லை.