உத்தரத்தை மறைத்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மறைப்பார். இரண்டும் வேறு வேறு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அத்தானுக்குத் துணிக்கடையில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவார். பொம்மைக்குக் கை உடைந்திருக்கும், முதுகில் விரிசல் ஓடியிருக்கும். குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு, துணியை இப்படி இழுத்து அப்படி மடித்து அவர் குத்தி முடித்தாரென்றால், வேலைக்கு ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். 'பொம்மைக்காரர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதே கோணலாகத் தொங்கிய ஜன்னல் திரையைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் மனிதர். அதைச் சொல்லி நான் கேலி செய்தால் அக்கா முறைப்பாள்.

சர்ச் ஹாலின் சாவி அவர் கைக்கு வந்ததும் இந்தக் கைவேலையால்தான். சர்ச் ஹால் என்பது பெயருக்குத்தான். தெருவுக்கே அது பொது. கல்யாணம், பிறந்தநாள், துக்க வீட்டுச் சாப்பாடு, கண் பரிசோதனை, மாலையில் டீச்சரம்மாவின் டியூஷன் எல்லாம் அங்கேதான். சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் ஹாலுக்கு வருவார்கள். கட்டடத்துக்கோ வயதாகிவிட்டது. சுவரில் விரிசல் விட்டால் அத்தான் அதன்மேல் 'வருக' பேனரைக் கட்டுவார். தரை பெயர்ந்தால் அங்கே பூ ஜாடி வந்துவிடும். மழைக்கு ஒழுகும் மூலையில் திரைக்குப் பின்னால் வாளி வைப்பார். சொட்டுச் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று வாளிக்குள் ஒரு பழைய துண்டையும் போட்டுவைப்பார். மேடைக்கு முன்னால் குறுக்கே ஓடிய உத்தரத்தைக் கரையான் தின்னத் தொடங்கியபோது, அக்காவைத் தைக்கச் சொல்லி வெள்ளைத் துணியில் கொசுவம் கொசுவமாக மடிப்பு வைத்து முழுக்க மூடிவிட்டார். அதைப் பார்த்து எத்தனையோ பேர் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் அதே மாதிரி வேண்டுமென்று கேட்டார்கள்.

மூடுவதற்கு முன்னால் அவர் ஹால் கமிட்டியில் சொல்லாமல் இல்லை. "பாத்துக்கலாம்" என்றார்கள். அத்தோடு அவரும் விட்டுவிட்டார். அந்தக் கமிட்டியில் நானும் ஒருவன். அந்தப் பேச்சு எனக்கு நினைவுகூட இல்லை, அக்கா சொல்லிக்காட்டித்தான் தெரியும்.

சென்ற மழையில் மேடை ஓரம் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, ஆள் இல்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, இதில் இனிப் பூசி மெழுக ஒன்றுமில்லை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று போதகரிடம் சொல்லிவிட்டார். நகராட்சியில் கேட்டால், தெருவே புழங்கும் கட்டடம், தெருக்காரர்களின் ஆதரவோடு வாருங்கள், அதன்பிறகு அனுமதி என்றார்கள். வீடு வீடாகப் போய்ப் பேச அத்தானைவிட்டால் யார்? அவரைத் தெரியாத வீடு கிடையாது.

போன இடத்திலெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில்.

"ஹாலுக்கு என்ன குறைச்சல் அண்ணே? எங்க பொண்ணு கல்யாணத்துல ஜம்முனு இருந்துச்சே" என்றார் பேக்கரிக்காரர்.

"இடிச்சிட்டா புள்ளைங்களை நான் எங்க கொண்டுபோய் உக்கார வைக்கிறது? நல்லாத்தானே இருக்கு?" என்றார் டீச்சரம்மா.

அத்தான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொத்தனார் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே அத்தான்? ஒழுகுது, கரையான் அரிச்சிருக்குன்னு வாய் தொறந்து சொல்லுங்களேன்."

"எப்படிடா சொல்றது? சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு யோசிச்சியா?"

நான் யோசிக்கவில்லை. வெறும் கூச்சம் என்று நினைத்தேன்.

கடைசியில் போதகரே, "எல்லாரையும் ஹாலுக்கே கூப்பிடுங்க. கண்ணால பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம். முதல்நாளே நான் அத்தானிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: ஒன்றும் செய்ய வேண்டாம், பேனரைக் கழற்றுங்கள், ஜாடியைத் தள்ளிவையுங்கள், துணியை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் நான் போய்ப் பார்த்தால் ஹால் கல்யாணத்துக்குத் தயாரானது போல நிற்கிறது! நாற்காலிகள் வரிசை பிசகாமல் இருந்தன. ஜாடியில் புதுப்பூ. உத்தரத்துத் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி ஏறியிருந்தது.

"என்ன அத்தான் இது?"

"ஆளுங்க வர்ற எடம்டா. அலங்கோலமா எப்படி விடறது?"

அதைச் சொன்னபோது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவரை எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கூட்டம் நிறைந்துவிட்டது. போதகர் நகராட்சி சொன்னதையும் கொத்தனார் சொன்னதையும் விளக்கினார். அண்ணாந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் வெள்ளை மடிப்புகள்தான்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று பேக்கரிக்காரர் எழுந்தார். "கொத்தனாருக்கு வேலை வேணும், சொல்லத்தான் செய்வாரு. இவ்வளவு லட்சணமா இருக்கிற ஹாலை எதுக்கு இடிக்கணும்? நாலு எடத்துல பூசிவிட்டா போதும்."

பலரும் ஆமாம் போட்டார்கள். டீச்சரம்மா, அப்படியானால் நாளைக்கு வழக்கம்போல டியூஷன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். போதகர் அத்தானைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

எழுந்தார். மடக்கு ஏணியைத் தானே தூக்கி வந்து விரித்து, மேலே ஏறினார். யாரும் எதிர்பார்க்காததால் யாரும் பிடிக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் ஏணிக்காலைப் பிடித்தேன். முன்வரிசைக்காரர்களைத் தள்ளிப்போகும்படி கையைக் காட்டினார். குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உதட்டில் வைத்துக்கொண்டார். கடையில் எப்படிச் செய்வாரோ அதே நிதானம். துணி ஒரு பக்கம் சரிந்தது, பிறகு முழுக்க இறங்கியது. கூடவே மரத்தூள் பொலபொலவென்று என் தலையில் கொட்டியது.

உத்தரத்துக்குள் மரமே இல்லை. மேல்பட்டை மட்டும்தான் இருந்தது. அவர் விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

பின்வரிசைக்காரர்களும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு டீச்சரம்மா எழுந்தார்.

"எங்க புள்ளைங்களை இதுக்குக் கீழயா உக்கார வச்சீங்க?"

அத்தான் ஏணியை விட்டு இறங்கினார். உதட்டில் ஊசிகள் இருந்ததால் பேச முடியவில்லை. உள்ளங்கையில் துப்பினார்.

"ஆமா டீச்சர்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எப்படிங்க மனசு வந்தது உங்களுக்கு?"

"ஹாலைப் பாத்து எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்குன்னு சொல்வாங்க. அதைக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். வேற ஒண்ணும் இல்லை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. கமிட்டியில் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி எங்கள் பக்கமும் பிரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம், ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிசையில் அக்கா, தான் தைத்த துணி தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் வாக்குக் கேட்டார். புது ஹாலுக்கு ஒரு கைகூடக் குறையவில்லை. யாரையும் இனி வீடு தேடிப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. எதற்காக அத்தான் வீடு வீடாக அலைந்தாரோ அது கிடைத்துவிட்டது.

"இன்னொண்ணு ஐயா" என்றார் பேக்கரிக்காரர். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். மகளின் கல்யாணம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "புது ஹால்ல சாவி இவர்கிட்ட இருக்கக் கூடாது."

போதகர் அதையும் வாக்குக்கு விட்டார். முதலில் உயர்ந்தது அத்தானின் கைதான். அதைப் பார்த்தபிறகு மற்றவர்களும் தூக்கினார்கள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல வழியனுப்ப வாசலில் போய் நின்றார்.

கூட்டம் கலைந்தது. உத்தரத்துக்கு அடியில் வர யாருக்கும் தைரியமில்லை. பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரை ஒட்டியே நடந்து போனார்கள். 'போயிட்டு வர்றோம்' என்று ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. அவர் ஒவ்வொருவருக்கும் கைகூப்பிக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியாக அக்கா எழுந்து வந்தாள். கீழே கிடந்த துணியை எடுக்க நினைத்தாளோ என்னவோ, நடுவழியாகவே வந்தாள்.

"அங்க வராதம்மா" என்று கத்தினார் அத்தான். "ஓரமா வா."

அந்த ஹாலுக்குள் ஒருவரைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.